மகள் படுத்திருந்த அறையின் சுவர்

மகளுக்கு வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த ஐப்பசியில்தான் அந்தச் சுவரில் முதல் கறை தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில், சாம்பல் பூசினாற்போல இருந்தது. மழைக்காலத்துச் சுவர் ஈரம், ஓதம்தானே என்று ஈரத்துணியால் துடைத்தேன். போய்விட்டது. அடுத்த வாரம் அதே இடத்தில் கறுப்பாக வந்து நின்றது. ஓரமெல்லாம் கடுகு சிதறினாற்போலப் புள்ளிகள். கிட்டப் போனால், நனைந்த கோணிச்சாக்கை மடித்து வைத்தது போல ஒரு வாடை.

நான் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆண்டவன் கொடுத்தது ஒரே மகள். சின்னப் பிள்ளையிலேயே அவளுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சில் விசில் அடிக்கும். பெரியவளான பிறகு அது பைய விலகிப்போனது. கல்யாணமாகிச் சில வருடம் பிள்ளை தங்காமல் இருந்து, இந்த முறைதான் தங்கியது. முருகா, இந்த உயிரை மட்டும் முழுசாக இறக்கி வைத்துவிடு என்பதுதான் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் அந்த நாட்களில் ஒரே நினைப்பு.

பிள்ளை தங்கினால் ஒரு மண்டலம் அபிஷேகம் செய்வதாக நேர்ந்திருந்தேன். எங்கள் பூசையறையில் இடுப்பு உயர மேடையில் ஒரு சின்னக் கருங்கல் பீடமும் அதில் செருகிய வேலும் உண்டு. அபிஷேகத் தண்ணீர் கால் படுகிற இடத்தில் ஓடக் கூடாது அல்லவா? அதனால் வீடு கட்டும்போதே பீடத்தடியில் ஒரு துளை விட்டு, அங்கிருந்து சுவருக்குள்ளேயே குழாய் பதித்து, புறவாசலில் நிற்கும் செம்பருத்தியின் அடி மூட்டில் போய் விழும்படி செய்திருந்தேன். குழாயைச் சுவருக்கு வெளிப்பக்கமாக விட்டால் போதும் என்றார் கொத்தனார். நான்தான் கேட்கவில்லை.

அதுவரை தினம் ஒரு செம்புத் தண்ணீர்தான். மகள் வந்து சேர்ந்த மறுநாளே மண்டலம் தொடங்கினேன். அதிலிருந்து விடியற்காலம் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்து, குடத்தில் தண்ணீர் எடுத்து வருவேன். பால், தேன், பஞ்சாமிர்தம், சந்தனம், கடைசியில் குடம் நிறையத் தாமிரபரணி. ஊற்றிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப்புறம் மகள் புரண்டு படுப்பது கேட்கும். மனசு நிறைந்துபோகும்.

ஒருநாள் குடத்தைச் சரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சுவர் வழியாகப் பழைய விசில் கேட்டது.

பாளையங்கோட்டையில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். மருந்து வைத்து இழுப்பைத் தணித்துவிட்டு, "வீட்ல ஓதம் இருக்கா, பூஞ்சை இருக்கா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "மருந்து நான் தருவேன். அவ சுவாசிக்கிற காத்த நீங்கதான் பாக்கணும்" என்றார்.

மகளை முன்னறைக்கு மாற்றினோம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொல்லி, ஓதமும் பூஞ்சையும் எடுக்கிற தொழில் செய்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். நாற்பது வயது இருக்கும். முதலில் கறையானுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவராம். வெள்ளம் வந்துபோன வருடத்துக்குப் பிறகு இந்த வேலைதான் அதிகம் என்றார். அறையை முகர்ந்து பார்த்தார். சுவரை விரல் மடக்கித் தட்டினார்.

"கொஞ்சம் கொத்திப் பாத்தா உள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சிரும் அண்ணாச்சி."

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "பிள்ளத்தாச்சி இருக்க வீட்ல ஆணி கூட அடிக்கக் கூடாது. சுவரக் கொத்தவா? அந்தப் பேச்சே வேண்டாம்."

அவர் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கததான் அக்கா. எங்கம்மா ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவ. ஆனா எந் தங்கச்சி மாசமா இருந்தப்போ காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க விடல. வருசம் முழுக்கக் காலண்டர் மேசைல கெடந்துச்சு."

"நல்ல தாயார்" என்றாள் இவள், சிரிக்காமல்.

கொத்தக் கூடாது என்றானதும் அவர் மாடிக்கு ஏறிப் பார்த்தார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. மழைத்தண்ணீர் அங்கிருந்துதான் இறங்குகிறது என்றார். வெடிப்பை அடைத்து, மாடிக்கு மருந்து பூசி, அறைச் சுவரிலும் மருந்து தடவித் துடைத்து எடுத்துவிட்டுப் போனார். சுவர் புதுசு போல ஆனது. எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

அந்த நிம்மதியில்தான் மகள் அந்த அறைக்குள் போனாள். பிறக்கப்போகிற பிள்ளைக்காக என்னுடைய பழைய வேட்டிகளைத் துவைத்து, மெத்தென்று துண்டு துண்டாகக் கிழித்து, அந்தச் சுவரை ஒட்டிய மர அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து உதறி உதறி மறுபடி மடித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரி கடைக்குப் போன் செய்தாள். பின்னால் அந்த விசில் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

ஆட்டோவில் ஆற்றுப்பாலம் தாண்டும்போது மகளின் உதடு நீலமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விரல் இறுகும், விடும். எந்த மூச்சுக்குப் பிறகு இறுகாமல் போய்விடுமோ என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகராத இடத்தில் என் வீட்டுக்காரி கீழே இறங்கி, முன்னால் நின்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழி வாங்கினாள்.

மூச்சு திரும்பியது. டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தா வயித்துப் பிள்ளைக்குப் போற காத்தும் குறைஞ்சிரும். அப்புறம் நாள் பாத்துட்டு இருக்க முடியாது. மாசம் முடியறதுக்கு முன்னாலயே எடுக்க வேண்டி வரும். ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்புச் சொல்ல முடியாது."

மறுநாள் மகளை முன்னறைக்கே கூட்டி வந்தோம். அன்று சாயங்காலமே சம்பந்தியம்மாவின் போன் வந்தது. அவர்கள் வீடு பாளையங்கோட்டையில்தான். "அண்ணே, நான் சண்டைக்கு வரல. ஆனா எம் மருமக அங்கன இருந்து மூச்சு முட்டணும்னு ஒண்ணும் இல்ல. நாங்க வந்து கூட்டிட்டு வந்திருதோம்."

போனை வாங்கி என் வீட்டுக்காரி பேசினாள். "மதினி, ஒம்பதாம் மாசத்துல பிள்ளத்தாச்சிய ஆத்தத் தாண்டிக் கூட்டிட்டுப் போறதா? தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவளத் திருப்பி அனுப்புனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு மூச்சு விட்டுக் குடுக்குமா மதினி?" என்றார் அந்த அம்மா. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னோம்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். ஒரு குடம் ஊற்றிய இடத்தில் இரண்டு குடம் ஊற்றினேன். பாலைக் கூட்டினேன். புறவாசலில் என் வீட்டுக்காரி, "அபிஷேகத் தண்ணி குடிக்கிற செடி, அதுவே எல உதுக்குது. மாவுப்பூச்சியோ என்னமோ" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. சுவரில் கறுப்பு மறுபடி கிளம்பியிருந்தது. இந்த முறை கட்டில் உயரத்துக்குக் கீழேயும் இறங்கியிருந்தது.

மருந்து அடித்தவரை மறுபடி அழைத்தேன். வந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் மாடின்னு சொன்னது தப்பு அண்ணாச்சி. வெடிப்பக் கண்டதும் அதுதான்னு முடிவு கட்டிட்டேன்" என்றார். பையிலிருந்து கைபேசி மாதிரி ஒரு கருவியை எடுத்தார். சுவரில் ஒட்டவைத்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டுமாம்.

"ஊசி கீசி குத்துமா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"குத்தாது அக்கா. டாக்டரு நெஞ்சுல வச்சுப் பாக்க மாதிரிதான்."

கூரையை ஒட்டி வைத்தார். எண் சின்னதாக இருந்தது. ஜன்னல் பக்கம் வைத்தார், அங்கேயும் அப்படித்தான். சுவரின் நடுவில், இடுப்பு உயரத்தில் வைத்ததும் எண் குதித்தது. அங்கிருந்து பைய நகர்த்திக்கொண்டே போனார். ஒரு கோடு போட்ட மாதிரி, புறவாசல் பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொண்டு போனது ஈரம். அவர் நின்று யோசித்தார்.

"மேலருந்து எறங்குற ஈரம் இல்ல இது. உள்ளயே பொறந்து பரவுது. இந்தச் சுவருக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

"பூசையறை" என்றேன்.

பூசையறை வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுகொண்டார். "நான் உள்ள வரல. மத்தியானம் நெத்திலிக் கொழம்பு. உங்க சாமிக்கு ஆவாது. நீங்களே வச்சுப் பாத்துச் சொல்லுங்க." கருவியை என் கையில் கொடுத்தார்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். பீடத்துக்கு மேலே சுவரில் வைத்தேன். ஒன்றுமில்லை.

"கீழ எறக்குங்க."

இறக்கினேன். எண் ஏறியது. இன்னும் இறக்கினேன். பீடத்தடியில், துளை சுவருக்குள் போகிற இடத்தில் வைத்ததும் கருவி கீச்சென்று கத்தியது. கையை எடுத்துவிட்டேன்.

"என்ன காட்டுது அண்ணாச்சி?"

எண்ணைச் சொன்னேன். "அங்கன தண்ணி விடுவீங்களா?"

"அபிஷேகம் உண்டு."

"எவ்வளவு?"

"முன்ன ஒரு செம்பு. இப்ப ரெண்டு குடம்."

"வெறும் தண்ணியா?"

"பாலு, தேனு, பஞ்சாமிர்தம்..."

"பூஞ்சைக்கு இத விட என்ன சாப்பாடு வேணும்" என்று தனக்குள்ளேயே சொன்னார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அதைத் தொடரவில்லை. புறவாசலுக்குப் போய்ச் செம்பருத்தி அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஒரு குடம் ஊத்துங்க. நான் இங்கன பாக்கேன்."

ஊற்றினேன். எப்போதும் போலத் தண்ணீர் பீடத்தைச் சுற்றி, சுழித்துத் துளைக்குள் இறங்கியது. என் கண் முன்னால் போனது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

"ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு."

புறவாசலுக்குப் போய் நானும் குழாய் வாயைப் பார்த்தபடி நின்றேன். என் வீட்டுக்காரி வந்தாள். மகளும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து நின்றாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழுந்துவிடாதா என்று பார்த்தேன். குழாய் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அது நனையவே இல்லை. செடி மூட்டு மண் வெடித்துக் கிடந்தது.

குழாய் உள்ளே எங்கேயோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்றார் அவர். எத்தனை நாளாகவோ. ஒரு செம்புத் தண்ணீரைச் சுவர் எப்படியோ தாங்கியிருக்கிறது. குடம் குடமாக விட்டதும் அந்தப்பக்கம் தள்ளிவிட்டது. போதாததற்கு அறைக்கு நாங்கள் அடித்திருந்த பளபளப்பு வண்ணம், ஈரம் வெளியே காயவும் விடாமல் மூடிவிட்டது.

எனக்கு அதன் பிறகு அவர் சொன்னது காதில் விழவில்லை. அவள் மூச்சுக்காக நான் ஊற்றிய தண்ணீர் அவள் தலைமாட்டில் போய் நின்றிருக்கிறது. கேட்டவுடன் முருகன் மேல் கோபம் வரவில்லை. என் மேல் கூட வரவில்லை. படியில் உட்கார்ந்தேன்.

"இன்னைலருந்து அங்கன தண்ணி விடக் கூடாது" என்றார் அவர். "கொத்த வேண்டாம். தொளைய அடச்சிட்டு, வண்ணத்தச் சுரண்டி எடுத்துட்டு, ஈரம் உறிஞ்சற மிஷினப் போட்டாக் காஞ்சிரும். பிரசவம் முடிஞ்சு பொறவு குழாயப் பாத்துக்கிடலாம்."

"சுரண்டறது கொத்துறதுல சேராதா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"பொங்கலுக்கு வெள்ள அடிக்கும்போது சுரண்டத்தான அக்கா செய்யுதோம்? சுத்தம் பண்றதுதான் அது."

அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாதவன் நான்தான். மண்டலம் முடிய இன்னும் நாள் இருந்தது. நேர்ந்துகொண்டதை இடையில் நிறுத்தி, அதனால் பிள்ளைக்கு ஏதாவது வந்தால்? நிறுத்தாமல் விட்டால் வருவது என்னவென்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் அதே பிள்ளைதான் நின்றது.

மகள்தான் முதலில் பேசினாள். மூச்சு வாங்கி வாங்கி, "முருகனுக்கும் எனக்கும் ஒரே சுவருதான்னு இப்பத்தான்பா தெரியுது" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைக் கேட்டு என் வீட்டுக்காரி என் முன்னால் வந்து நின்றாள். "ஆத்துல வெள்ளம் வந்தா குறுக்குத்துறைல என்ன செய்யுதாவ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் இருக்கிறது. அணை திறந்து வெள்ளம் ஏறினால் கோயில் முங்கிவிடும். அந்த வாரமும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"உற்சவரத் தூக்கிக் கரைக்குக் கொண்டு வந்திருவாவல்லா? அதனால பூச நின்னா போச்சு? சாமி கோவிச்சா போச்சு? இப்ப நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கு. அவரத் தூக்குங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படி அதட்டிப் பேசியதில்லை. உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றி, பீடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வேலை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. உடைந்துவிடுமோ என்று வேர்த்துப்போனது. முருகா, உன் இஷ்டம் என்று இன்னொரு முறை திருகினேன். பைய மேலே வந்தது.

புறவாசலில் செம்பருத்திப் பக்கத்தில் ஒரு கல்லைக் கழுவி வைத்து, மஞ்சள் பூசி, பித்தளைக் குடத்தில் ஆற்று மணல் நிரப்பி, அதில் வேலை நட்டோம். மண்டலத்தின் மீதி நாள் அபிஷேகம் அங்கேதான். மழை பெய்தால் என் வீட்டுக்காரி குடை பிடிப்பாள். மழைத்தண்ணீர் ஒரு பக்கம் விழ, நான் ஆற்றுத் தண்ணீரை ஊற்றுவேன். படித்துறை முங்கிய நாட்களில் கரையோரம் நின்று ஒரு செம்பு மொண்டு வந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

சுவரைச் சுரண்டும்போது தூசி பறக்கும், மகள் வீட்டில் இருக்கவே கூடாது என்று மருந்து அடிப்பவர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அவர் முகமூடி போட்டுக்கொண்டு, அறைக்கதவை பாலிதீன் தாள் ஒட்டி அடைத்தபோதுதான் எவ்வளவு தூரம் பயப்பட வேண்டிய காரியம் என்று எங்களுக்கு உறைத்தது. சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

என் வீட்டுக்காரி அப்போதும், "ஆத்தத் தாண்டணுமே" என்று முணுமுணுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தாண்டுனா ஆறு கண்டுக்கிடாது, மாமியா வீட்டுக்குத் தாண்டுனா மட்டும் கண்டுக்கிடுமாம்மா?" என்றாள் மகள். இவள் ஒரு கொத்து வேப்பிலையைப் பறித்து மகள் கையில் கொடுத்தாள். சம்பந்தி வீட்டுக் கார் தெருமுனை திரும்பும் வரை இருவரும் நின்றோம். கார் போன பிறகும் இவள் உள்ளே வரவில்லை.

பூஞ்சை ஏறியிருந்த பிள்ளைத்துணிகள் எல்லாவற்றையும் எரித்தோம். அலமாரியை வெயில் கண்ட நேரமெல்லாம் வெளியே போட்டோம். அந்த மிஷின் அறைக்குள் உறுமிக்கொண்டே கிடந்தது. அதன் வாளியில் சேருகிற தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டும்போது, சாக்கடையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. எத்தனை நாள் தீர்த்தமோ. செம்பருத்தி மூட்டிலேயே கொட்டினேன். ஆனால் செடி பிழைக்கவில்லை.

மண்டலம் நிறைந்து சில நாளில் பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பிள்ளை அழுகிறதா என்று காது கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து விசில் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை. நாள் நிறைந்த பிள்ளை. தாயும் நன்றாக இருந்தாள்.

எந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது என்ற பேச்சு வந்தது. சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "சுவரு சொல்லட்டும் தங்கச்சி" என்றேன்.

மருந்து அடிப்பவர் வந்து, கருவியை என் கையிலேயே கொடுத்தார். தலைமாட்டுச் சுவர் காய்ந்திருந்தது. நடுவிலும் காய்ந்திருந்தது. புறவாசல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் எண் கொஞ்சம் ஏறியே நின்றது.

"அந்த மூல இன்னும் பாக்கி. கட்டில எதுத்த சுவருக்கு மாத்திருங்க. ஜன்னலச் சாத்தாதீங்க" என்றார்.

"பச்சப்பிள்ளைக்குக் காத்து ஆவாதே" என்றாள் என் வீட்டுக்காரி.

"காத்து இல்லாமத்தான அக்கா இவ்வளவும்."

அவள் யோசித்து, ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்தாள். மகளும் பேத்தியும் வந்தார்கள். கூடவே சம்பந்தியம்மாவும் வந்து, பையைக் கீழே வைக்காமல் அறைக்குள் போய், சுவருக்கருகில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகுதான் பையை வைத்தார். சாத்தியிருந்த மற்றக் கதவையும் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பூசையறையில் விளக்கேற்றி, வேல் இல்லாத காய்ந்த பீடத்தின் முன் உட்கார்ந்தேன். வேல் புறவாசலிலேயே இருக்கட்டும், பிள்ளை நடக்கும் வரை அங்கேயே வைத்துக் கும்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். எழுந்திருக்கும் முன் சுவரில் காதை வைத்தேன். பேத்தி சிணுங்கினாள். மகள் ஏதோ முனகித் தட்டிக்கொடுத்தாள். பிறகு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் காதை வைத்திருந்தும் வேறு ஒரு சத்தமும் வரவில்லை.